கடல் கதவுக்குப் பின்னால் ஒரு தராசு

நோன்பை இந்த முறை புத்தளத்தில்தான் பிடிப்பது என்று வாப்பா சொல்லி ஒரு கிழமை ஆகிவிட்டது. சொன்னவர் சும்மாவும் இருக்கவில்லை. புத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் திறப்புக் கோர்வையை அலுமாரியிலிருந்து எடுத்து, எண்ணெய் தடவி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வாசல் ஆணியில் மாட்டிவிட்டார். வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, கேற்றுத் திறப்பு எல்லாம் சேர்ந்து நல்ல பாரம். ஹிதாயா தினமும் வேலைக்குப் புறப்படும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் செருப்பு மாட்டினாள்.

அவளுக்கு இப்போது இருக்கிற ஊர், மன்னார் எருக்கலம்பிட்டி, பிடித்திருந்தது. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அவள் பிறந்தது புத்தளத்தில். வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு இந்த ஊரைவிட்டுப் போன கதை அவளுக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஆனால் கதையைக் கேட்டு ஊர் மேல் உருகுகிற குணம் அவளுக்கு இல்லை. மன்னார்ப் பட்டினத்தில் விருப்பமான வேலை, கையில் சொந்தச் சம்பளம், பஸ்ஸில் ஏறினால் முகத்தில் அடிக்கிற காற்று. அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது. அவளுடைய வேலைக்காகத்தான் வாப்பாவும் உம்மாவும் பின்னாலேயே வந்தார்கள். உம்மா வந்த மறுநாளே கிணற்றடியில் முருங்கைத் தடி ஊன்றிவிட்டார். வாப்பாதான் ஒட்டவில்லை.

வாப்பா அப்துல் றசாக் என்றால் புத்தளத்தில் கருவாட்டுக் கடைத் தெரு முழுக்கத் தெரியும். அங்கே அவருடைய போன் ஓய்ந்ததே இல்லை. சோற்றில் கை வைக்கும்போதும் அடிக்கும். இங்கே அது மேசையில் குப்புறக் கிடந்து நித்திரை கொண்டது.

"எங்களை இங்க ஆருக்குத் தெரியும் மகள்? சிம் கம்பனிக்காரன் மட்டும் மறக்காமல் மெசேஜ் போடுறான்" என்பார். பிறகு அடுத்த குத்து வரும். "உன்ர இரவலும் எனக்கு ஒரு கோல் எடுத்துத் தரேல்லை."

இரவல் என்பது அவள் வேலை செய்கிற இணையத்தளம். மன்னார் மாவட்டத்தில் யாரிடம் எது வாடகைக்கு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிற இடம். புத்தளத்திலிருந்து லொறியில் வந்த வாப்பாவின் பெரிய மேடைத் தராசையும், ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டுகளையும் வந்த புதிதில் அவள்தான் தன் கையால் அதில் பதிந்துவிட்டாள். இரண்டு வருடமாக ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. வாப்பாவுக்கு அது தராசைப் பற்றிய விஷயம் அல்ல. மனிதர்களுக்கு அவர் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். அதை அவர் வாய் விட்டுச் சொல்லமாட்டார். திறப்பை ஆணியில் மாட்டுவார்.

இரவலை நடத்துகிறவர் றொபேட். இராமநாதபுரத்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவர். அங்கே ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பாய் ஒரு வீட்டிலிருந்து, பானை இன்னொரு வீட்டிலிருந்து, நல்ல சேலை மூன்றாம் வீட்டிலிருந்து வரும். இங்கே வந்தவர் கதிரையும், மழைக்கு மூடுகிற படங்கும் வாங்கி வாடகைக்கு விட்டார். பிறகு எல்லோருடைய கதிரையையும் எல்லோருக்கும் காட்டலாமே என்று இந்தத் தளத்தைத் தொடங்கினார். வாடகைத் தளத்துக்கு ஏன் இரவல் என்று பெயர் என்று கேட்டால், "காசு வாங்கினாலும் திருப்பித்தானேப்பா குடுக்கணும்" என்பார். கோபம் வந்தால் மட்டும் மன்னார்த் தமிழ். சாந்தமாக இருந்தால் பாதி இராமநாதபுரம். கந்தோரில் இருப்பவர்களுக்கு இது நல்ல வசதி, அவர் வாயைத் திறந்ததுமே நிலவரம் தெரிந்துவிடும்.

கந்தோர் ஒரு இரும்புக் கடைக்கு மேலே. படிக்கட்டின் அடியில் வழக்கமாக ஒரு கழுதை நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். அன்றைக்கும் ஹிதாயா அப்படித்தான் ஏறிப் போனாள். போன கையோடு றொபேட் கேட்டது ஒரே கேள்வி.

"வெட்டுத் தொடங்குறதுக்கு முன்னாடி முடிச்சிருவீங்களாப்பா?"

நானாட்டான் பக்கம் காலபோக நெல் முற்றிவிட்டது. அறுவடை தொடங்கினால் உழவு இயந்திரமும் வெட்டு மெசினும் தேடுகிறவர்களின் கூட்டம் தளத்தில் அலைமோதும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான், தளத்தைத் தன் சேர்வரில் வைத்திருக்கும் கம்பனி, பழைய தேடுபொறியை மாத முடிவோடு நிறுத்தப்போவதாகவும் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளும்படியும் அறிவித்திருந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம் மாற்றித் தரத் தயார். ஆனால் மாற்றித் தருகிறவர்கள் பிறகு பராமரிப்பையும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடந்தால் ஹிதாயாவுக்கு இங்கே செய்ய ஒன்றும் இராது. வேலையும் போய்விட்டால் ஆணியில் தொங்குகிற திறப்போடு வாதாட அவளுக்கு வாய் ஏது?

"முடிச்சிருவன் அண்ணை" என்றாள்.

மாற்றத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தேடுபொறி தனக்குள்ளே எல்லாப் பதிவுகளையும் தேடுவதற்கு ஏற்றபடி அடுக்கி வைத்திருக்கும். அந்த அடுக்குக்கு இன்டெக்ஸ் என்று பெயர். பழைய பதிப்பில் ஒரு இன்டெக்ஸுக்குள்ளேயே பல வகைகளைப் பிரித்து வைக்கலாம். இரவலைக் கட்டிய கீர்த்தனன் அந்த வசதியைக் கண்டு மயங்கி மூன்று வகை வைத்திருந்தான்: கடல், வயல், வீடு. தளத்தைத் திறந்தால் முதலில் இந்த மூன்று கதவும்தான் தெரியும். படகும் எஞ்சினும் ஐஸ் பெட்டியும் வேண்டுமென்றால் கடல். உழவு இயந்திரம், தண்ணீர்ப் பவுசர் வயல். கதிரை, சோறாக்குகிற கிடாரம், ஸ்பீக்கர் செற் எல்லாம் வீடு. ஒரு கதவால் போனவருக்கு அடுத்த அறையில் இருப்பது தெரியாது.

தேடுபொறியைச் செய்தவர்களே பிறகுதான் இந்த வகைகளை நினைத்துக் கையைப் பிசைந்தார்கள். வெளியே பார்க்கச் சுவர் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே எல்லாம் ஒரே குவியல்தான். இல்லாத சுவரை இருப்பதாக நம்பி ஆட்கள் வீடு கட்டுகிறார்களே என்று பதிப்புக்குப் பதிப்பு அதை ஒதுக்கி, கடைசியில் தூக்கியே எறிந்துவிட்டார்கள். புதியதில் வகை என்ற பேச்சே கிடையாது. மூன்று வகைக்கு மூன்று தனி இன்டெக்ஸ் வைக்கலாம். அல்லது எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டி, ஒவ்வொரு பதிவிலும் இது கடல், இது வயல் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதலாம். ஹிதாயா இரண்டாவதை எடுத்தாள். ஒரே இன்டெக்ஸ் என்றால் பார்க்கவும் காக்கவும் சுகம்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று வகையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய இடத்துக்குப் பிரதி எடுத்தாள். முதலில் கடல், பிறகு வயல், கடைசியாக வீடு. கதிரை என்று தேடினாள், வந்தது. கிடாரம், வந்தது. ஆசைக்குச் சஹன் என்று அடித்தாள். வாப்பாவின் பெயரே முதலில் வந்து நின்றது. மனசு குளிர்ந்துவிட்டது. பழையதில் எத்தனை பதிவு, புதியதில் எத்தனை பதிவு என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தேடிய சொல்லெல்லாம் டக்கென்று வந்த சந்தோஷத்தில் தளத்தைப் புதியதின் பக்கம் திருப்பிவிட்டு, பழையதை அழிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போனாள்.

வியாழன் காலை முதல் கோல் மரியதாசனுடையது. நானாட்டானில் வயல் செய்கிறவர், தளத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறவர்.

"பிள்ளை, என்ர உழவு மெசினைக் காணேல்லை!"

"ஐயோ ஐயா! பொலிசிலை சொன்னீங்களோ?"

"பொலிசோ? மெசின் என்ர வீட்டு முத்தத்திலைதான் நிக்குது. உங்கட இரவலிலைதான் காணேல்லை. என்ர நம்பரை அடிச்சா, கதிரை வாடகைக்காரன் மரியதாசன் எண்டு காட்டுது. வெட்டுத் துடங்கிற கிழமையிலை ஆர் பிள்ளை கதிரை கேட்டு வரப்போறான்?"

அவள் பதில் சொல்ல முன்னமே மற்றத் தொலைபேசி அடித்தது. அதை றொபேட் எடுத்தார். எடுத்த கையோடு காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வெள்ளாங்குளத்துச் சிவலட்சுமி. அந்த அம்மாவுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஹிதாயாவுக்கும் முழுவதும் கேட்டது.

"என்ர தண்ணிப் பவுசர் எங்க? கிடாரம் மட்டும் நிக்குது! போன வெட்டுக்கு நெல்லு மழையிலை நனைஞ்சு முளைச்சது மறந்து போச்சோ உங்களுக்கு? படங்கு தேடினா இல்லை எண்டு காட்டினது உங்கட இரவல். உங்கட கந்தோருக்குப் பின்னால படங்கு மூட்டை மூட்டையாக் கிடந்ததாம்! இந்த முறையும் விளையாடினா நேர வந்து கதைப்பன்."

றொபேட் போனை வைத்தார். வைத்த விதமே சரியில்லை.

"என்ன நடந்தது ஹிதாயா? என்ன செய்து வச்சிருக்கிறீர்?"

சுத்த மன்னார்த் தமிழ். ஹிதாயா இரண்டு இன்டெக்ஸையும் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள். புதியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. மற்றதெல்லாம் எங்கே போனது? பிரதி எடுக்கும்போது ஒரு பிழைச் செய்தியும் வரவில்லையே.

மரியதாசனின் பதிவைப் பழையதில் திறந்து பார்த்ததும் விளங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாள எண் வேண்டும். கீர்த்தனன் அதற்குப் போன் நம்பரையே போட்டிருந்தான். மன்னாரில் மரியதாசன் என்று கூப்பிட்டால் ஒரு மாதா கோயில் பங்கிலேயே பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்; நம்பர் சொன்னால் ஒருவர்தான். அந்தமட்டில் நல்ல யோசனை. ஆனால் ஒரு நம்பருக்கு ஒரு மனிதர், ஒரு மனிதருக்கு ஒரு தொழில் என்று அவன் கணக்குப் போட்டதுதான் இந்தக் கரையில் செல்லாத கணக்கு. இங்கே ஒரு தொழிலோடு யார் இருக்கிறார்கள்? காற்று மாறினால் கடலில் நிற்கிறவர் கரைக்கு வந்து கதிரை வாடகைக்கு விடுவார். வயல் செய்கிறவர் வெட்டு முடிந்ததும் கலியாணவீட்டுக்குக் கிடாரம் ஏற்றுவார். பழையதில் ஒரே நம்பர் மூன்று வகையிலும் தனித்தனியாக இருந்தது, இடிபடவில்லை. வகை இல்லாத இடத்தில் ஒரே எண்ணோடு இரண்டு பதிவு வந்தால் பிந்தி வந்தது நிற்கும், முந்தி வந்தது போய்விடும். தேடுபொறி அதற்காகச் சத்தம் போடாது, புதுப்பிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். கடைசியாக வந்தது வீடு. ஆகவே மன்னார் மாவட்டமே ஒரே நாளில் கதிரைக்காரரும் கிடாரக்காரருமாகிவிட்டது.

ஆத்திரம் அடங்காமல் நோர்வேயில் இருக்கும் கீர்த்தனனுக்கு வட்ஸ்அப்பில் எழுதினாள். உடனே பதில் வந்தது. "எங்கட அப்பாவுக்கே நானாட்டானிலை மூண்டு தொழில். எனக்கு ஏன் அது அப்ப ஓடேல்லை?" அதன் பின்னால் சிரிக்கிற முகம் ஒன்று. அவனுக்கென்ன, அங்கே இருந்து சிரிக்கலாம்.

"பழையதையே திருப்பி விடும்" என்றார் றொபேட். "நான் கொழும்புக்குக் கதைக்கிறன்."

"அண்ணை, ஒண்டும் அழியேல்லை. எல்லாம் பழையதிலை அப்பிடியே இருக்கு. இப்பவே பழையதைத் திருப்பி விடுறன். மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் தாங்கோ."

அவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அது கொழும்புக்குக் கதைப்பதைவிடப் பயங்கரமாக இருந்தது.

திருத்தம் சின்னது. நம்பருக்கு முன்னால் வகையின் பெயரையும் ஒட்டிவிட்டால் போதும். கடல் என்ற சொல்லோடு ஒரு எண், வயல் என்ற சொல்லோடு ஒரு எண், இடிபடாது. எந்தெந்த நம்பரெல்லாம் இடிபட்டது என்று பார்த்துக்கொண்டு போனாள். நடுவில் ஒரு நம்பரில் கண் நின்றது. சின்ன வயதிலிருந்தே பாடமான நம்பர். வீடு வகையில், சஹன். கடல் வகையில், மேடைத் தராசு.

தராசைக் கடலில் போட்டது அவள்தான். வாப்பா அதில் கருவாடு நிறுத்து விற்றவர். அதன் இடுக்கெல்லாம் உப்பும் செதிலும் ஏறிப்போய் மழை நாளில் வீடே மணக்கும். பிறகு வேறெந்தக் கதவுக்குள் போடுவது? ஆனால் கடல் கதவால் வருகிறவன் தராசு தேடுவானா? மீன் வாடிக்கு வாடி தராசு இருக்கிறது. அவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. தேடியும் ஒன்றும் அகப்படாத சொற்களைத் தளம் சேர்த்து வைக்கும்; ஒருவரும் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதில்லை. போய்ப் பார்த்தாள்.

வயல் கதவால் வந்தவர்கள் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கிய சொற்களில் படங்குக்கு அடுத்தது தராசு. போன அறுவடையில் அடித்திருக்கிறார்கள், அதற்கு முந்தியதிலும் அடித்திருக்கிறார்கள். பெரிய தராசு. நெல் நிறுக்கத் தராசு. மூட்டை நிறுக்கிற தராசு. ஒவ்வொரு முறையும் இரவல் கூசாமல், இல்லை என்று சொல்லியிருக்கிறது. பக்கத்து அறையில் வாப்பாவின் தராசு சும்மா கிடந்தது. எருக்கலம்பிட்டியில் வாப்பா போனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

வந்தது அழுகையா சிரிப்பா என்று ஹிதாயாவுக்கே தெரியவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார் றொபேட். "மூண்டையும் மூண்டு இன்டெக்ஸா வச்சு விடும். கதவு மூண்டும் முந்தின மாதிரியே இருக்கட்டும். பிரச்சினை இல்லாத வழி அதுதானே?"

அதுதான் பிரச்சினை இல்லாத வழி. மூன்று இன்டெக்ஸ் வைத்தால் ஒரு எண்ணும் இடிபடாது, மரியதாசனின் மெசின் திரும்ப வரும், சிவலட்சுமி வாயை மூடுவார், அவளுடைய வேலையும் தப்பும். ஓம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் ஆட்டவில்லை.

"அண்ணை, கதவைக் கழட்டி விடுவம். ஒரே பெட்டி, எதை அடிச்சாலும் எல்லாத்துக்குள்ளயும் தேடட்டும்."

"காலமை நடந்தது காணாதோ உமக்கு? கடல்காரன் எஞ்சின் தேட உழவு மெசினைக் காட்டப் போறீரோ?"

"கடலை மட்டும் பார்க்கிறவர் ஒரு தட்டுத் தட்டி அதை மட்டும் பார்க்கலாம், அந்தக் குறிப்பு இருக்கு. ஆனா முதல் கேள்வியிலேயே சுவர் வேண்டாம்." சேர்ந்து கிடந்த சொற்களை அவருக்குக் காட்டினாள். "சிவலட்சுமி அம்மா படங்கு தேடினது வயல் கதவாலை. உங்கட படங்கு இருந்தது வீட்டுக்குள்ள, கலியாணப் பந்தலோட. அவவின்ர நெல்லு நனையேக்கை படங்கு உங்கட பின்வளவிலை கிடந்தது."

றொபேட் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நெல் விஷயம் அவருக்கு உறுத்துகிற விஷயம். வெள்ளாங்குளம் பக்கம் போகிற நாளில் இன்னும் வேறு பாதையால்தான் போவார்.

"இதிலை தராசு எண்டு அடிக்கடி வருதே" என்றார். "தராசு ஆரிட்டை இருக்கு?"

"எங்கட வாப்பாட்டை."

"ஓகோ!" அவருடைய மீசை அசைந்தது. "அப்ப வாப்பாவுக்காகத்தான் கதவை உடைக்கிறீர்?"

"ஓம் அண்ணை, அதுக்காகவும்தான்" என்றாள் ஹிதாயா. மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஒரு கோலும் வரேல்லை எண்டு அவர் புத்தளத்துக்குத் திரும்பப் போறார். நோன்புக்கு முந்திப் போறதாம். உம்மாவும் போவா. பிறகு நான் மட்டும் இங்க நிண்டு என்ன செய்ய?"

கீழே இரும்புக் கடையில் யாரோ தகரம் வெட்டினார்கள்.

"மீன் மணக்கிற தராசிலை நெல்லு நிறுப்பாங்களாப்பா?" என்று கேட்டார் றொபேட்.

இராமநாதபுரம் திரும்பி வந்துவிட்டது. ஹிதாயா மூச்சு விட்டாள்.

இந்த முறை அவள் எண்ணிப் பார்த்துத்தான் செய்தாள். மூன்று வகையும் சேர்ந்து எவ்வளவோ, புதியதில் அவ்வளவும் இருந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. றொபேட் தானே உட்கார்ந்து உழவு மெசின், பவுசர், எஞ்சின், படங்கு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தார். கடைசியாகக் கழுதை என்று அடித்தார். இல்லை என்று வந்தது. "வாசல்லயே நிக்குது, பதிஞ்சு விடலாம்" என்றார். மத்தியானத்துக்கு முதல் மூன்று கதவும் போய், ஒரே ஒரு பெட்டி வந்தது.

மரியதாசனுக்கு அவளே எடுத்துச் சொன்னாள். அவர் அங்கிருந்தே பார்த்தார்.

"ஓம் ஓம், மெசின் வந்திட்டுது. கதிரையும் நிக்குது. நல்லது பிள்ளை." பிறகு குரல் மாறியது. "இதென்ன, தராசு எண்டு ஒண்டு காட்டுது? எருக்கலம்பிட்டி எண்டிருக்கு. உது நேற்று வரைக்கும் இல்லையே!"

"இரண்டு வருசமா இருக்குது ஐயா."

"இரண்டு வருசமாவோ? எங்க இருந்தது?"

"கடலிலை."

அந்தப் பக்கம் ஒரு பெருஞ்சிரிப்பு. "நாசமாப் போச்சு! நாங்கள் இங்க நெல்லு ஏவாரியின்ர தராசை நம்பி மூட்டை மூட்டையாக் குடுத்துக்கொண்டு நிக்கிறம். அவன் எவ்வளவு அடிச்சான் எண்டு மாதாவுக்குத்தான் வெளிச்சம். எங்கட எண்டு ஒரு தராசு வரம்பிலை நிண்டா அவன் வாலாட்டுவானோ? ஆள் எப்பிடிப் பிள்ளை?"

ஹிதாயா கொஞ்சம் யோசித்தாள். "நேர்மையான ஆள் ஐயா. கொஞ்சம் கோவக்காரர்."

"தராசுக்காரனுக்குக் கோவம் வேணும்" என்றார் மரியதாசன்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு எடுத்தாள். வாப்பாவின் போன் எங்கேஜ். பார்சலைப் பிரித்துவிட்டு மறுபடி எடுத்தாள். எங்கேஜ். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எடுத்தாள், அப்போதும் எங்கேஜ்தான். போனை மேசையில் வைத்துவிட்டு அவள் தனியே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்தக் கந்தோரில் இருந்ததில்லை.

"என்னப்பா?" என்றார் றொபேட்.

"வாப்பாவின்ர போன் எங்கேஜ் அண்ணை."

"அதுக்கு ஒருத்தர் சிரிப்பாங்களா?"

பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்தாள். வாசலில் உம்மா நின்றார். முற்றம் முழுக்க ஈரம். தராசு இருந்த மூலை வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்துச் சீமெந்து மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. ஹிதாயா செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிர்ந்து ஆணியைப் பார்த்தாள். திறப்புக் கோர்வையைக் காணவில்லை.

ஒற்றைச் செருப்போடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா எங்க உம்மா?"

"நானாட்டானுக்கு. மரியதாசனாம், ஆரோ, உழவு மெசினிலை பெட்டியைக் கொழுவி அனுப்பியிருந்தார். சாப்பிடவும் இல்லை மனுசன். கால் நிலத்திலை படேல்லை. தராசைப் புளியும் சாம்பலும் போட்டுக் கழுவு கழுவெண்டு கழுவினார். நெல்லு நிறுக்கிறதாம், ஒரு செதில் ஒட்டியிருக்கக் கூடாதாம்."

"திறப்பைக் காணேல்லையே. அதையேன் கொண்டு போனார்?"

உம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார், சிரிப்பு அடங்கவில்லை. "கழுவின பிறகு முள்ளு நடுவிலை நிக்க மாட்டன் எண்டுட்டுது மகள். எத்தினை வருசத்து உப்பு! அவ்வளவும் போனதிலை தட்டுப் பக்கம் லேசாப் போச்சு. கல்லை வச்சார், ஆணியை வச்சார், ஒண்டும் சரிவரேல்லை. ஊராற்றை நெல்லு, ஒரு குண்டுமணி பிசகக் கூடாது எண்டு சத்தம் போட்டார். பிறகு உந்தத் திறப்புக் கோர்வையை எடுத்துத் தட்டுக்குக் கீழ கம்பியாலை கட்டினார். முள்ளு நடுவிலை வந்து நிண்டிட்டுது."

ஹிதாயா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப புத்தளம்?"

"வெட்டு முடியும்மட்டும் அதைக் கழட்ட ஏலாதாம். நானாட்டானுக்குப் பிறகு வெள்ளாங்குளத்திலையும் ஒரு அம்மா கேட்டிருக்கிறாவாம், பெரிய சத்தக்காரியாம்." உம்மா உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "நோன்புக் கஞ்சிக்கு அரிசி வாங்க வேண்டாம் எண்டும் சொல்லிப் போட்டுப் போனார். புது நெல்லுக் குத்திக் கொண்டு வாறாராம்."

ஹிதாயா எழுந்து, தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டு, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.